பின்பக்கம் சுற்றிய விசிறி

சுங்கை பீசி விமான மைதானத்து ஷெட்டில் தன் புருசனுக்கு ஏழு வைப்பாட்டிகள் இருப்பதாக வீரம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. காலையில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து சைக்கிளில் கிளம்புகிற அய்யாவு பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்புவான். திரும்பியதும் பேச்செல்லாம் அந்த ஏழு பேரைப் பற்றித்தான். பிள்ளைக்குச் சளி பிடித்தால் "கஷாயம் வை" என்று முடித்துக்கொள்கிறவன், மூன்றாவது சிலிண்டர் இருமினால் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பான். அப்படிப்பட்ட மனிதனைக் கட்டிக்கொண்டவள் வேறு எப்படித்தான் பேசுவாள்.

அந்தச் சிலிண்டர்கள் இருந்த ஏரோப்ளேன் ஓர் ஈயச் சுரங்கத் துரையுடையது. அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து இறங்கியது. கோலாலம்பூரில் மற்றவர்கள் வைத்திருந்ததெல்லாம் சீமை எஞ்சின்கள். நாலு சிலிண்டரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும். துரையின் எஞ்சினோ வட்டம். நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றி ஏழு சிலிண்டர். தண்ணீர் என்ற பேச்சே இல்லை, எதிர்க்காற்றே அவற்றை ஆற்றிவிடும். செந்தூல் ரயில் பட்டறையில் பத்து வருசம் நீராவியில் வெந்த அய்யாவுக்கு அதைப் பார்த்த அன்றே பித்துப் பிடித்தது. ஏழும் கன்னிமார் என்றான். உச்சியில் இருப்பவள் மூத்தவள், அடியில் தொங்குகிற இரண்டு பேரும் வம்புக்காரிகள்.

வம்பு என்னவென்றால், எஞ்சின் நாலு நாள் சும்மா நின்றால் ஆயில் எல்லாம் மெல்ல இறங்கி அந்த அடிச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். காற்றை அமுக்கலாம். ஆயிலை எந்தக் கொம்பனாலும் அமுக்க முடியாது. அதனால் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், முன்னால் இருக்கிற விசிறியைக் கையால் பத்துப் பன்னிரண்டு சுற்று மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது மக்கர் செய்தால், அடிச் சிலிண்டரின் பிளக்கை ஸ்பானர் போட்டுக் கழற்றி ஆயிலை வடித்துவிட வேண்டும். ஒரு காலும் விசிறியைப் பின்பக்கம் சுற்றக் கூடாது. சுற்றினால் விசிறி இளகிவிடும், ஆனால் ஆயில் காற்று வருகிற குழாய்க்குள் ஏறி ஒளிந்துகொள்ளும். எஞ்சின் கிளம்பியதும் அதே ஆயில் உள்ளே பாய்ந்து, பிஸ்டனைத் தாங்குகிற தண்டை வளைத்துவிடும். கூடவே வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் இதைச் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். அய்யாவுக்கு அதைத் தமிழில் படித்துச் சொன்னவன் கார்த்திகேசு.

கார்த்திகேசு துரையின் ஆபீசில் சுரங்கப் படம் வரைகிறவன். இருபத்தாறு வயது. துரையோடு தொற்றிக்கொண்டு பறக்கப் போனவன், துரைக்குக் கண் மங்கத் தொடங்கியதும் தானே ஓட்டப் படித்து லைசென்சும் வாங்கிவிட்டான். அவன் அப்பா கந்தப்பு ரயில்வேயில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பத்தொரு வருசம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காகிதம்கூடத் தொலைக்காதவர். மகன் ஆகாயத்தில் ஏறுவது அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. இருந்தாலும் லைசென்ஸ் என்று முத்திரை குத்திய காகிதம் வீட்டுக்கு வந்த அன்று அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன் அறையில் மாட்டினார். காகிதத்துக்கு அவர் காட்டுகிற மரியாதையை மனிதர்களுக்குக் காட்டியதில்லை என்று ஆபீசில் பேசிக்கொள்வார்கள்.

அய்யாவும் கார்த்திகேசும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள் அல்ல. ஒருவன் கூலிக்காரன், ஒருவன் கிராணி வீட்டுப் பிள்ளை. ஆனாலும் அவன் "அண்ணை" என்பான், இவன் "தம்பி" என்பான், அந்த இரண்டு சொல்லிலும் பொய் இல்லை. விசிறியைச் சுழற்றிவிடுகிறவனுடைய கையை நம்பித்தான் உள்ளே இருக்கிறவன் சுவிட்சைப் போட வேண்டும்.

முப்பத்தாறாம் வருசத்து ஆயுத பூசை. துரை பினாங்குக்குப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. மழை வேறு. ஏரோப்ளேன் ஷெட்டை விட்டு நகரவே இல்லை. பூசை என்று வந்துவிட்டால் அய்யாவுக்குத் தலைகால் புரியாது. ஷெட்டில் இருந்த ஸ்பானர், சுத்தியல், திருப்புளி, துரையின் காரில் கிடந்த சாமான் வரைக்கும் ஒன்று விடாமல் கழுவித் துடைத்து, பலகையில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைத்தான். கார்த்திகேசு தன் பங்குக்குப் பேனாவையும், பறந்த நேரமெல்லாம் எழுதி வைக்கிற புத்தகத்தையும் சரஸ்வதி படத்தின் முன் வைத்தான். பூசையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிப் பூசை முடிகிற வரை தொடக் கூடாது. ஆனால் வண்டிக்கு வேறு சட்டம். வண்டி அன்றைக்கே சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு நகர வேண்டும், அதுவும் நல்ல நேரத்துக்குள்.

சூடம் காட்டினார்கள். எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். அய்யாவு விசிறியைச் சுற்றினான். மூன்றாவது சுற்றில் அது நின்றுவிட்டது.

"அடியில ஆயில் நிக்குது தம்பி," என்றான் அய்யாவு.

"பிளக்கைக் கழட்டுவம்."

"எதை வச்சுக் கழட்றது? எல்லாம் சாமிகிட்ட இருக்கு."

கார்த்திகேசு பலகையைப் பார்த்தான். சந்தனம் இன்னும் காயாத ஸ்பானர்கள் அங்கே வரிசையாகக் கிடந்தன. "அப்ப விடுங்கோ அண்ணை. நாளைக்குக் காலமை பாப்பம். பழம் ஒரு நாள் பொறுக்கும்," என்று சொல்லிவிட்டு, கையில் ஒட்டிய சந்தனத்தைக் கழுவ வெளியே குழாயடிக்குப் போனான்.

அவன் சொன்னபடி விட்டிருக்கலாம். அய்யாவு ஏன் விடவில்லை என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ராகு காலம் பிறக்கப் பத்து நிமிஷம் இருந்தது. பூசை போட்ட வண்டி நகராமல் நின்றால் அந்த வருசம் விளங்காது என்று அவன் நம்பினான். தன் கையால் செய்த பூசை அரைகுறையாக நிற்பதை அவன் கௌரவம் ஒப்பவில்லை. ஒரே ஒரு தடவைதானே என்று விசிறியைப் பிடித்துப் பின்பக்கம் சுற்றினான். அது வெண்ணெயாய் இளகிக் கொடுத்தது. முன்பக்கம் சுற்றிப் பார்த்தான், தடையே இல்லை.

"சரியாப் போச்சு தம்பி, ஏறுங்க," என்றான், கார்த்திகேசு திரும்பி வந்ததும்.

"எப்பிடி?"

"நல்லா அசைச்சுப் பார்த்தேன். வழி விட்டுருச்சு லா."

கார்த்திகேசு மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அய்யாவு பொய் சொல்லியிருக்க மாட்டான். எஞ்சின் கிளம்பியபோது ஷெட்டே மறைகிற மாதிரி வெள்ளைப் புகை. நடுவில் 'டொக்'கென்று ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு ஏழும் ஒரே குரலில் பாடின. பழம் நசுங்கியது. மழை விட்ட வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்ததால் கார்த்திகேசுக்கு ஆசை தாங்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வரை போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பத்து நிமிஷத்தில் இறங்கினான். மறுநாள் புத்தகத்தைப் பூசையிலிருந்து எடுத்தபோது, "அது சாமிக்காகப் பறந்தது அண்ணை, அதுக்கு ஏன் கணக்கு," என்று சிரித்துக்கொண்டே எழுதாமல் விட்டான்.

அந்த ஒரு 'டொக்' அய்யாவின் காதில் தங்கிவிட்டது. ஒரு நாள் சிலிண்டரைக் கழற்றி உள்ளே பார்த்திருந்தால் போதும். நினைத்தான். பிறகு எஞ்சின்தான் நன்றாக ஓடுகிறதே என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டான். தீபாவளி போகட்டும், பிரித்துப் பார்ப்போம் என்று தள்ளிப் போட்டான்.

பூசை முடிந்து பதினாறாம் நாள் காலை, கிள்ளான் போய்த் திரும்புவதற்காகக் கார்த்திகேசு தனியாகக் கிளம்பினான். ஏரோப்ளேன் மைதானத்தின் கடைசி மரங்களைத் தாண்டியதும் எஞ்சினிலிருந்து இரும்பு வாளியில் கல்லை உருட்டிய மாதிரி சத்தம் வந்தது. பிறகு சத்தமே வரவில்லை. ஈயக் குட்டைக்கு அந்தப் பக்கம் மணல்மேட்டில் போய் விழுந்தது. அய்யாவு ஓடினான். இடுப்பளவு சேற்றில் விழுந்து எழுந்து ஓடினான். போய்ச் சேர்ந்தபோது கார்த்திகேசுக்கு மூச்சு இல்லை. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல், தூங்குகிற பிள்ளை மாதிரி இருந்தான்.

எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்ததும் அய்யாவே சேற்றைக் கழுவினான். அடிச் சிலிண்டர் கிழிந்து கிடந்தது. உள்ளே பிஸ்டனைத் தாங்குகிற தண்டு இரண்டாக முறிந்திருந்தது. முறிவதற்கு முன்னால் அது வளைந்திருந்தது, அந்த வளைவு சிலிண்டர் விளிம்பில் உரசி உரசிக் கண்ணாடி மாதிரி மினுங்கியது. விழுந்த அடியில் வளைந்த இரும்பு அப்படி மினுங்காது. பல நாள் வளைந்தபடியே ஓடிய இரும்புதான் மினுங்கும். எத்தனை நாள் என்று அய்யாவுக்குத் தெரியும். அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தான். பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்தார்கள்.

அன்று மத்தியானமே வீரம்மாவிடம் சொன்னான். அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்து அவன் வாயைக் கையால் பொத்தினாள்.

"வெளிய சொல்லிடாதீங்க. மூணு பிள்ளைங்க இருக்கு. வெள்ளைக்காரன் உங்கள உள்ள போட்டுருவான்."

"அந்தத் தம்பி போயிருச்சே, வீரம்மா."

"நீங்க சொன்னா எந்திரிச்சு வந்துருமா?"

விசாரணைக்கு வருகிற வெள்ளைக்காரர் படித்தவர், அந்த மினுக்கத்தைப் பார்த்துத் தானே கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடித்தால் ஒத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தான். கோழையின் முடிவு அது. தன்னிடம் கேட்கட்டும் என்று காத்திருந்தான். வெள்ளைக்காரர் வந்தார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி வந்தார், எழுதினார், போனார். அய்யாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கூலிக்காரனிடம் எதைக் கேட்பது.

இருபத்திரண்டாம் நாள் அறிக்கை வந்தது. எஞ்சினுக்குப் பெட்ரோல் வருகிற பைப்பு பாதி மூடியிருந்ததாம். கிளம்புமுன் அதை முழுக்கத் திறக்க ஓட்டியவர் மறந்துவிட்டாராம். கவனக்குறைவு. சிலிண்டர் உடைந்தது விழுந்த அடியிலாம். விழுந்த வேகத்தில் அந்தப் பைப்பின் பிடி இடிபட்டுத் திரும்பியிருக்கிறது, அதுதான் நடந்தது. பேப்பரிலும் நாலு வரி போட்டார்கள்.

அறிக்கை வரும்வரை கந்தப்பு எல்லா அப்பாக்களையும் போலத்தான் அழுதார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று தூணைப் பிடித்துக்கொண்டு அவர் அழுததைப் பார்த்து அய்யாவு வெளியே ஓடிப்போய்த் தெருவில் நின்றான். அறிக்கையின் நகல் கைக்குக் கிடைத்ததும் அவர் அழுகையை நிறுத்திக்கொண்டார். முன் அறையிலிருந்த லைசென்சைக் கழற்றி அலமாரியில் வைத்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடம், "பைப்பைத் துறக்க மறந்து செத்தவன். அவனுக்கு என்ன துக்கம்," என்று சொல்லத் தொடங்கினார். முப்பத்தொரு வருசம் எதையும் மறக்காத மனிதருக்கு இதைவிட அவமானம் வேறு இல்லை. ஆபீசில் இளைய கிராணிமார் காதுபடவே பேசினார்கள்.

இதை அய்யாவிடம் சொன்னது கார்த்திகேசுவின் அம்மா பூரணம். கோயில் வாசலில் அவனைக் கண்டதும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"தம்பி, இவர் என்னை அழவும் விடுறாரில்லை. பிள்ளையின்ரை பேரைச் சொல்ல விடுறாரில்லை. பைப்பு, பைப்பு எண்டு அதையே சொல்லுறார். என்ரை பிள்ளை அப்பிடி மறக்கிறவனோ? நீங்கள்தானே பக்கத்திலை நிண்டனீங்கள்."

அவன் குனிந்து கும்பிட்டுவிட்டு விலகி நடந்தான். ஆனால் அன்றோடு வீரம்மாவின் பேச்சு அவன் காதில் ஏறுவது நின்றது. செத்தவனுடைய பேரையாவது அவன் அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு ஜெயிலோ தூக்கோ எது வந்தாலும் வரட்டும்.

வெறும் வாயோடு போனால் கந்தப்பு நம்ப மாட்டார் என்று அவனுக்குத் தெரியும். அந்த வளைந்த தண்டு வேண்டும். ஷெட்டுக்குப் போனான். அறிக்கை வந்த மறுநாளே துரை எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். புடு பக்கம் அந்தச் சீனனைத் தேடிப் பிடித்தான். சீனன் உலையைக் கையால் காட்டினான். "சூடா ஹாபிஸ்," என்றான், எல்லாம் தீர்ந்துபோய்விட்டது என்று. உடைந்த எஞ்சின் ஷெட்டில் மூன்று வாரத்துக்கு மேல் கிடந்தது. மூன்று வாரமும் அய்யாவு அதைக் கண்கொண்டு பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தான். ஒரு நிமிஷம் குனிந்து அந்தத் துண்டை எடுத்துப் பையில் போட்டிருக்கலாம்.

முப்பத்தொன்றாம் நாள், துக்கம் கழிக்கிற அந்தியேட்டி. சடங்கு முடிந்து ஐயர் கிளம்பியிருந்தார். முன் அறையில் வாழையிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அய்யாவு பின்பக்கமாக வந்து, கந்தப்புவைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். அவர் தன் மேசை இருக்கிற சின்ன அறைக்கு அவனை வரச் சொன்னார். நாற்காலி இருந்தும் அவன் உட்காரவில்லை.

"ஐயா, தம்பி பைப்ப மறக்கல. எஞ்சினக் கெடுத்தது நான்."

எல்லாவற்றையும் சொன்னான். பூசையில் வைத்த ஸ்பானர், நின்றுபோன விசிறி, பின்பக்கம் சுற்றியது, புகை, அந்தச் சத்தம், மினுங்கிய இரும்பு, எதையும் விடவில்லை. கந்தப்பு ஆபீசில் மனுக் கேட்கிற மாதிரி குறுக்கே பேசாமல் கேட்டார். அவன் முடித்ததும் அலமாரியைத் திறந்து கார்த்திகேசுவின் பறப்புப் புத்தகத்தை எடுத்தார். போலீஸ்காரர்கள் அவன் சட்டையோடும் செருப்போடும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தது அது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஆயுத பூசையண்டு பறந்தவன் எண்டு சொன்னீர். அந்தத் தேதிக்கு இதிலை ஒண்டும் இல்லையே."

"பொஸ்தகம் பூசையில இருந்துச்சுங்க. சாமிக்காகப் பறந்தது, அதுக்கு எதுக்குக் கணக்குன்னு தம்பி எழுதாம விட்டுட்டாரு."

"வளைஞ்ச தண்டு எங்கை?"

"உருக்கிட்டாங்க ஐயா."

"வேறை ஆர் பாத்தவை?"

"நான் மட்டும்தான்."

"விசாரணைக்கு வந்த துரையிட்டைச் சொன்னீரோ?"

"இல்லைங்க. பயந்துட்டேன்."

கந்தப்பு புத்தகத்தை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். அவர் உதடு கோணியது. அறிக்கை வந்த நாளிலிருந்து வராத கண்ணீர் அப்போது வந்தது.

"அய்யாவு, நீர் அவனிலை வைச்ச பட்சம் எனக்கு விளங்குது. பெத்த தேப்பன் நான், அவனுக்காக ஒரு வார்த்தை கதைக்கேல்லை. நீர் வந்து அவன்ரை பிழையை உம்மடை தலையிலை தூக்கிப் போடுறீர். இப்பிடி ஒரு பொய் சொல்லுறதுக்கு நல்ல மனம் வேணும்."

"பொய் இல்லைங்க ஐயா. என் பிள்ளைங்க மேல சத்தியம்."

"பிள்ளையளிலை சத்தியம் பண்ணாதையும். பிள்ளையள் எண்டா என்னெண்டு எனக்குத் தெரியும்."

"ஐயா, நம்புங்க. கை எடுத்துக் கும்புடுறேன். நான்தான் கொன்னுட்டேன்."

"கவர்மென்ட் எழுதி முத்திரை குத்தினது. நீர் சொன்னாப்போலை மாறுமோ," என்றார் கந்தப்பு. கோபமே இல்லாத குரல் அது. அழுகிற பிள்ளையைத் தேற்றுகிற குரல். எழுந்து வந்து அய்யாவின் தோளில் கை போட்டார். அந்த வீட்டில் அதுவரை யாரும் அவனைத் தொட்டதில்லை.

முன் அறையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். கூலிக்காரர்களுக்குப் பின்கட்டில்தான் இலை போடுவது வழக்கம். கந்தப்பு அய்யாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சின்ன அறைக்கு வெளியே நின்று கேட்டவர்கள் வாயால், விசயம் அதற்குள் இலைக்கு இலை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பைப்பை மறந்த பொடியனுக்காகத் தான் பழியை ஏற்க வந்த மனுசன் இவர்தானாம் என்று எதிர் வரிசையில் ஒருவர் மற்றவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது அய்யாவுக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தக் கதை நாளைக்குப் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பரவும், கிள்ளான் வரைக்கும் போகும், ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கார்த்திகேசு பைப்பை மறந்தவனாகவே இருப்பான் என்று அவனுக்குப் புரிந்தது.

பூரணம் சோற்றுப் பாத்திரத்தோடு வந்து அவன் முன்னால் குனிந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"அவனுக்கு ஒரு கூடப்பிறந்தவன் இருந்திருந்தாலும் இவ்வளவு செய்திருப்பானோ தெரியாது. சாப்பிடுங்கோ தம்பி. நீங்கள் சாப்பிட்டால் அவன் சாப்பிட்ட மாதிரி."

அய்யாவு அவள் முகத்தைப் பார்த்தான். அவளிடமாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். அவள் அதற்குள் பருப்பை ஊற்றி, நெய்யை விட்டு, அவன் பிசைவதற்காகக் காத்து நின்றாள். அவன் பிசைந்தான். ஒரு கவளத்தை எடுத்து வாயில் வைத்து விழுங்கினான். பூரணம் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.